எண்பத்து நான்கு படிகள்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ஊர்சுற்றி. வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். தெருக்காரர்களும் மாமனார் வீட்டாரும் அதை மெய்யென்று நம்பி அப்படியே பிடித்துக்கொண்டார்கள். 'எங்க மாப்பிள்ளை கால் படாத ஊரே கிடையாது' என்று மாமனார் தம் கடைசி நாள்வரை பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கால் அதிகம் பட்டது ஒரே இடத்தில்தான். சுற்றுலா அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், துண்டுப்பிரசுரப் பிரிவில், ஜன்னல் திறக்க வராத மூலையில் ஒரு மேசை கிடந்தது. அதன் அடியில் இருபத்தொன்பது ஆண்டுகளாக அவர் கால் நீட்டிய இடத்தில் சிமென்ட் தரையே வழவழப்பாகிவிட்டது.

பயணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் நாலு மடிப்புக் காகிதங்களை எழுதுவது அவர் வேலை. நாற்பத்தோரு ஊர்களைப் பற்றி எழுதியிருந்தார். அருவியின் உயரம், கோட்டையின் வயது, எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாற்பத்தொன்றில் அவர் நேரில் பார்த்தது ரயில் போகும் மூன்றே மூன்று. மற்றதற்கெல்லாம் பழுப்பு உறையில் கிடக்கும் பழைய புகைப்படங்களும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். படத்தை மேசை விளக்கின் கீழ் வைத்து, கண்ணாடியை அதன் மேல் பிடித்து, தூண்களை எண்ணுவார், ஜன்னல்களை எண்ணுவார், மரங்களை எண்ணுவார். எண்ணி முடித்ததும் கோப்பின் கடைசித் தாளில் 'நேரில் சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். கண்ணுக்கும் படத்துக்கும் நடுவே கண்ணாடி ஒன்றுதானே இருந்தது, அதைவிட நேர் என்ன வேண்டும் என்று தமக்குத் தாமே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

காரணம் சோம்பல் இல்லை. சோம்பலாக இருந்தால் கௌரவமாகவாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். வளைவு. நேராகப் போகும் வண்டியில் அவர் சிங்கம். வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பினால் வயிறு குமட்டும். மூன்றாவது திருப்பத்தில் வெளியே வந்துவிடும். அழகான ஊர்கள் எல்லாம் ஏனோ வளைவுகளுக்கு அப்பால்தான் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'எனக்கு வாந்தி வரும் சார்' என்று சொல்ல வெட்கப்பட்டு, 'போய்ட்டு வந்துட்டேன் சார்' என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை போய் வந்தவன் அப்புறம் போகாதவனாக முடியாதே.

அவர் எழுதிய முதல் காகிதமே 'கடலோரப் பாறைகளும் மலைச்சரிவுப் பழைய ஊரும்: ஒருநாள் பயணம்'. அதுதான் அவர் கல்யாணத்துக்கும் வழி செய்தது.

வேலை நிரந்தரமாவதற்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஊசியைப் பார்த்ததும் நம் ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஊசியப் பாக்காதீங்க. கண்ண மூடிக்குங்க. என்ன வேலை பாக்கறீங்க, சொல்லுங்க" என்றாள். மயக்கம் வரும்போது மனுஷனுக்கு வாயில் வருவது மனப்பாடமானதுதான். அந்த வாரம் எழுதி முடித்த காகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "கடலோரமா சாம்பல் கலர்ல பாறைங்க. ஒண்ணு அப்படியே யானை மாதிரி நிக்கும். நடுவுல ஒரு வளைவு. கணுக்கால் தண்ணியில நடந்தே அந்தப் பக்கம் போயிடலாம். மேல மலைச்சரிவுல பழைய ஊர். எண்பத்து நாலு படி. உச்சியில நின்னா எல்லாம் ஒண்ணா தெரியும்."

"முடிஞ்சிடுச்சு" என்று அவள் பஞ்சை வைத்து அழுத்தினாள். பிறகு ஆசையோடு கேட்டாள். "நீங்க அங்க போயிருக்கீங்களா?"

"பின்ன?" என்றார்.

ஒரே சொல். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் அவ்வளவு கெட்டிக்காரரும் இல்லை. ஆனாலும் அந்தப் 'பின்ன' இருபத்தேழு ஆண்டு தாங்கியது. எண்ணாமல் எதையும் நம்பாதவள், பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சல் என்றால்கூட 'எத்தனை டிகிரி?' என்று கேட்பவள், அந்த ஒரு சொல்லை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த ஆளோடு போனால் ஊரெல்லாம் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கையிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறாள்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். "அந்தப் பாறைக்கு ஒரு நாள் போயிட்டு வரலாமா?"

"அத நான் பாத்தாச்சே. ரெண்டு கல்லு, நாலு படி. அதுக்கு ஒரு நாள் லீவா?"

அவளும் விட்டுவிடுவாள். மகள் பிறந்தாள், படித்தாள், வேலைக்கு வெளியூர் போனாள். கேள்வி மட்டும் வருஷா வருஷம் வந்தது, அதே பதிலை வாங்கிக்கொண்டு போனது. நடுவே அவள் முழங்கால் போயிற்று. தேய்மானம் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். அதற்குப் பிறகு சமதரையில் நன்றாக நடக்கலாம், மலைப்படி ஏறுகிற ஆசையெல்லாம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். அந்த வாரம்தான் மேலதிகாரி ஊர்சுற்றியைக் கூப்பிட்டு, பழைய ஊரின் படிக்கட்டு அடிவாரத்தில் கருங்கல் பலகை ஒன்று நடப்போவதாகவும், அவர் எழுதியதையே அதில் செதுக்கப்போவதாகவும் சொன்னார். "கல்லுல செதுக்கினா அழிக்க முடியாதுய்யா. ஒரு தடவ சரிபாத்து அடுத்த திங்கக்கிழம குடுத்துடு." ஊர்சுற்றிக்குத் தலைகால் புரியவில்லை. தம் எழுத்து கல்லில் ஏறப்போகிறது என்ற பூரிப்பில் ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் உளறிவிட்டார்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அப்ப கல்லுல ஏறுறதுக்கு முன்னாடி நான் அந்தப் படியில ஏறிடணும். சனிக்கிழம போறோம்."

"உன் முழங்காலுக்கு..."

"கணக்கு போட்டாச்சு. எங்க லேப் மாடிக்கு நாப்பத்திரெண்டு படி. ரெண்டு தடவ ஏறினா எண்பத்து நாலு. நேத்து ரெண்டு தடவ ஏறிப் பாத்தேன். வலிச்சுது. ஆனா முடிஞ்சுது. வண்டிக்கும் சொல்லிட்டேன்."

வண்டி என்றால் வளைவு. போனால் குட்டு உடையும். போகாவிட்டால், அவள் நொண்டிக்கொண்டே இரண்டு தடவை மாடி ஏறியதற்கு என்ன பதில் சொல்வது? அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்ததும் அவர் தலையாட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை சட்டைப்பையில் ஒன்று, கால்சட்டைப் பையில் இரண்டு என எலுமிச்சம்பழங்களைப் பதுக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். ஓட்டுநர் வாய் ஓயாத ஆள். அந்தப் பாதையில் பயணிகளை ஏற்றி இறக்குவதே அவர் பிழைப்பு. கடலோரச் சாலை முதல் வளைவை எடுத்தது. ஊர்சுற்றி பழத்தை மூக்கில் வைத்தார். இரண்டாவது வளைவில் பழத்தைக் கடித்தார். மூன்றாவது வளைவில் "நிறுத்துப்பா" என்றார்.

சாலையோரம் குனிந்து நின்றவரின் முதுகைத் தடவிவிட்டாள் மனைவி. "காலையில சாப்பிட்டது ஒத்துக்கல போல" என்று அவரே சொல்லிக்கொண்டார். அதன் பிறகும் நான்கு இடத்தில் காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் அவர் சாப்பிட்டது அரை டம்ளர் காபி.

"இவ்வளவு ஊர் சுத்தினவருக்கு இப்படியா?" என்று அவள் கவலையோடு கேட்டாள்.

"வயசாகுதுல்ல" என்றார்.

அவள் கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மடியில் விரித்தாள். முதல் அச்சு. இருபத்தேழு ஆண்டு வைத்திருந்ததில் மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்ட ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மா, அந்தக் காகிதத்த நம்பியா வர்றீங்க? அத எழுதின மகராசன் மட்டும் என் கையில கெடச்சான்னா! வர்றவங்க எல்லாரும் என்னத்தான் திட்டுறாங்க. யானை எங்க, யானை எங்கங்கறாங்க. இருபது வருஷமா நானும் தேடுறேன், தும்பிக்கை எந்தப் பக்கம்னே தெரியல."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஊர்சுற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருமலாம் என்று பார்த்தார். இருமினால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

"இவர்தான் எழுதினது" என்றாள் மனைவி. குரலில் கோபமில்லை, சுத்தமான பெருமை. "நேர்ல பாத்து எழுதினது. நீங்கதான் சரியான இடத்துல நின்னு பாத்திருக்க மாட்டீங்க. இன்னிக்கு இவரு காட்டுவாரு, பாருங்க."

ஓட்டுநர் கண்ணாடி வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தார். வெளுத்த முகம், கையில் கடித்த எலுமிச்சம்பழம், சட்டையில் ஒரு கறை. அந்த ஒரே பார்வையில் ஓட்டுநருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் நல்ல மனுஷன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வளைவை மெதுவாகவே எடுத்தார்.

பாறைகள் இருக்கும் இடத்தில் இறங்கியதும் ஊர்சுற்றி ஒரு நிமிஷம் தம்மை மறந்தார். அதுதான் அவர் செய்த முதல் தவறு. பூதக்கண்ணாடிக்குள் கட்டைவிரல் அளவில் பார்த்துப் பழகியவை மூன்று மாடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தன. அடுக்கடுக்காகக் கோடுகள், சல்லடையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்குள்ளும் அலை போய் வரும் சத்தம். "அடேயப்பா, செவப்பா இருக்கே!" என்று கத்திவிட்டார்.

"முன்னாடி என்ன கலர்ல இருந்துச்சு?" என்றாள் மனைவி.

காகிதத்தில் சாம்பல் என்று எழுதியிருந்தார். ஊசி குத்தும்போதும் சாம்பல் என்றுதான் சொல்லியிருந்தார். உறையிலிருந்த படம் கறுப்பு வெள்ளை. அதில் சாம்பலைத் தவிர வேறெதுவும் எப்படித் தெரியும்?

"நான் வந்தப்ப மேகமூட்டம்" என்றார். அவள் காகிதத்தைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். லேபில் ஒரு கணக்கு உதைத்தால் அவள் முகம் இப்படித்தான் ஆகும்.

நிலைமையைச் சமாளிக்க வீரம் ஒன்றே வழி என்று அவருக்குத் தோன்றியது. அசடுகளுக்கு அப்படித்தான் தோன்றும். வளைவுப் பாறை எதிரே தெரிந்தது. "நீ இங்கயே நில்லு. நான் முதல்ல போய்க் காட்டுறேன். கணுக்கால் தண்ணிதான்" என்று கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு கம்பீரமாக இறங்கினார். முதல் அடி கணுக்கால். இரண்டாவது அடி இடுப்பு. மூன்றாவது அடியை அவர் வைக்கவில்லை, அலை வைத்தது. ஓட்டுநர் பாய்ந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போட்டார். கால்சட்டைப் பையிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்று வெளியே வந்து வளைவுக்குள் மிதந்தது. அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"கடல் ஏறிடுச்சு போல" என்றார் நீர் சொட்டச் சொட்ட.

"இதுதான் சார் வத்தம். ஏறினா தலைக்கு மேல" என்றார் ஓட்டுநர்.

அந்தப் படத்தில் வளைவின் நடுவே ஒரு ஆள் கணுக்கால் நீரில் நின்றுகொண்டிருப்பான். அவன் நீருக்கடியில் இருந்த ஏதோ ஒரு கல்லின் மேல் நின்றிருக்கிறான் என்பது ஊர்சுற்றிக்கு இப்போதுதான் உறைத்தது. பாவி, ஒரு அடி தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? இருபத்தேழு வருஷமாக இந்தக் காகிதத்தை நம்பி எத்தனை பேர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார்களோ! கணக்குப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

யானையும் கிடைக்கவில்லை. மனைவி எல்லாப் பக்கமும் நின்று பார்த்தாள். ஒரு பக்கம் பழைய செருப்பு மாதிரி தெரிந்தது. இன்னொரு பக்கம் ஒன்றும் தெரியவில்லை. "மேல ஊர்லேருந்து தெரியும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். "சரி, படி ஏறிப் பாத்துடுவோம்" என்றாள். பெருமை போய் அவள் குரல் இப்போது வெறும் குரலாக இருந்தது. அவருக்கு ஈரத்தைவிட அது அதிகம் குளிர்ந்தது.

மலைச்சரிவின் அடிவாரத்தில் கருங்கல் பலகைக்காக ஒரு பள்ளம் தோண்டிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் தம்மையே அதில் நட்டுவிடலாம் போலிருந்தது ஊர்சுற்றிக்கு. அங்கிருந்து தேய்ந்த கல் படிகள் இருபுறமும் வீடுகளுக்கு நடுவே ஏறின. மனைவி மாத்திரை ஒன்றை விழுங்கி, ஒரு கையால் சுவரையும் மறு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினாள்.

இருபது வரை பேசிக்கொண்டே வந்தாள். வீடுகளின் வாசல் இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே என்றாள், ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டித் துணி போட்டிருக்கிறார்களே என்றாள். நாற்பத்திரண்டில் நின்று, "லேப் வந்தாச்சு" என்று சிரித்தாள். அறுபதுக்கு மேல் எண் மட்டும்தான் வந்தது. எழுபதில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோளில் அவள் கை கனத்தது. "போதும்மா, இறங்கிடலாம்" என்றார். "இன்னும் பதினாலுதானே" என்றாள். அந்தப் பதினாலு படிக்குள் அவர் வேண்டாத தெய்வம் இல்லை.

"எண்பத்து ரெண்டு. எண்பத்து மூணு. எண்பத்து நாலு."

படி அங்கே ஒரு வீட்டின் மூலையைச் சுற்றித் திரும்பியது. அவள் அந்த மூலையைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

மேலே, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு, படிகள் போய்க்கொண்டே இருந்தன.

ஊர்சுற்றி பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாக, மூன்று தடவை, ஒரு படிகூட விடாமல் எண்ணியிருந்தார். அதில் பிசகே இல்லை. எண்பத்து நாலாவது படியோடு படம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மேலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தபால்காரர் இறங்கி வந்தார். "இன்னும் எத்தன படிங்க?" என்று கேட்டாள் அவள்.

"நூத்தி முப்பது. மொத்தம் எரநூத்திப் பதினாலு. தினமும் நான்தானே ஏறி இறங்குறேன்" என்றார் தபால்காரர். "காகிதத்தப் பாத்து வந்தீங்களா? உக்காருங்கம்மா. அதுக்குத்தான் இந்த பெஞ்சு போட்டிருக்கு. காகிதத்தோட வர்றவங்க எல்லாரும் இந்த எடத்துலதான் நின்னு போயிடுவாங்க. வயசானவங்க பாடு ரொம்பப் பாவமா இருந்துச்சு. ஊர்க்காரங்க எல்லாரும் சேந்து போட்டோம்." சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

மூலையில் ஒரு மர பெஞ்சு இருந்தது. ஊர்சுற்றி தம் ஆயுளில் அந்த ஊருக்குச் செய்த ஒரே தொண்டு அதுதான். அவள் அதில் மெல்ல உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"நீங்க இங்க வந்ததே இல்ல" என்றாள். அது கேள்வி இல்லை.

"இல்ல."

"எங்கயுமே போனதில்ல."

"ரயில் போற ஊருக்கு மட்டும். வண்டி வளைஞ்சா எனக்கு வாந்தி வரும். அத சொல்ல வெட்கமா இருந்துச்சு." பள்ளிக்கூடப் பையன்போல நின்றுகொண்டே சொன்னார். கால்சட்டையிலிருந்து இன்னும் நீர் சொட்டியது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்திருப்பார். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"பொய் சொன்னது கூடப் பரவாயில்லங்க" என்றாள் கடைசியில். "வாந்தி வரும்னு சொல்லியிருந்தா நான் தங்கச்சியோட வந்து பாத்திருப்பேன். லேப்ல எல்லாரும் டூர் போனப்ப அவங்களோட வந்திருப்பேன். நீங்க 'பாத்தாச்சு, ஒண்ணுமில்ல'ன்னு சொன்னீங்க. பாத்தவரே சொல்றாரேன்னு நான் இருந்துட்டேன். இருபத்தேழு வருஷம். அப்பல்லாம் எனக்குக் கால் நல்லா இருந்துச்சு."

தாம் ஒரு கோமாளி என்பது அவருக்கு எப்போதும் தெரியும். அதை நினைத்துத் தனியே சிரித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்தக் கோமாளித்தனத்துக்குக் கூலி கொடுத்தது தாம் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம்..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டர் சொன்னத நீங்களும்தானே கேட்டீங்க. இனிமே புதுசா ஒண்ணு ஆரம்பிக்காதீங்க." கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். "மேல போங்க. எண்ணிக்கிட்டே போங்க. எல்லாத்தையும் பாருங்க. வந்து எனக்கு சொல்லுங்க. முதல் தடவையா பாத்துட்டு சொல்லுங்க."

அவர் ஏறினார். ஐம்பத்தேழு வயதும் காலி வயிறும் ஈரக் கால்சட்டையுமாக நூற்று முப்பது படி. ஒவ்வொரு பத்துக்கும் உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். நூற்றுப் பத்தாவது படியில் ஒரு பூனை அசையாமல் கிடந்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நூற்று அறுபதில் ஒரு சவரக்கடை. ஒற்றை நாற்காலி, அதில் கடைக்காரரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் தெரு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம்தான். நீலக் கதவு, பச்சைக் கதவு, சாயம் உரிந்த கதவு. யாரோ மாடியில் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருநூற்றுப் பதினாலாவது படியில் மூச்சு வாங்க ஒரு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

கடல் முழுவதும் தெரிந்தது. கரை நெடுகச் சிவப்புப் பாறைகள் தெரிந்தன. நடுவில், துளி சந்தேகத்துக்கும் இடமில்லாமல், ஒரு யானை நின்றது. நெற்றி, காது, நீரில் தாழ்த்திய தும்பிக்கை எல்லாம் இருந்தன. கீழே இருந்து தேடியவர்களுக்குச் செருப்பாகத் தெரிந்தது, மேலிருந்து பார்த்தால் யானை. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி, எழுதியதில் அந்த ஒரு வரி மட்டும் உண்மையாகிவிட்டது. அவள் பார்க்க முடியாமல் போனதும் அதுதான்.

சுவரில் சாய்ந்து அழுதார். சட்டை ஏற்கெனவே நனைந்திருந்ததால் துடைத்துக்கொள்ளும் வேலை இல்லை.

இறங்கும்போது ஒரு நினைப்பு வந்தது. 'மேல ஒண்ணுமில்லம்மா, வெறும் வீடுங்கதான்' என்று சொல்லிவிட்டால் என்ன? அவள் மனம் ஆறுமே. நூறாவது படி வரை அந்த நினைப்பு கூடவே இறங்கி வந்தது. தொண்ணூறாவது படியில்தான், இருபத்தேழு வருஷமாகத் தாம் சொன்னதும் இதேதானே என்று அவருக்குப் பட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. எல்லாம் தெரியுது. யானையும் தெரியுது. நீ பாக்க வேண்டிய எடம்."

அவள் கண் கலங்கியது. கலங்கியபடியே தலையாட்டினாள். "ம்... சொல்லுங்க. முதல் படியிலேருந்து சொல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அருவிக்கும் கோட்டைக்கும் அடுக்கடுக்காக அலங்காரம் எழுதிய கை அது. இப்போது அலங்காரமே வரவில்லை. பூனை இருந்தது, கதவு நீலமாக இருந்தது, சவரக்காரர் தூங்கினார் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. அவள் விடாமல் கேட்டாள். பூனை என்ன கலர்? வாய்ப்பாடு எத்தனாவது? யானைக்குத் தும்பிக்கை எந்தப் பக்கம்? தெரிந்ததற்குச் சொன்னார். தெரியாததற்கு 'அத பாக்கல' என்றார். வாய்ப்பாடு ஏழாவது. தும்பிக்கை இடது பக்கம். பூனையின் கலரைப் பார்க்க மறந்துவிட்டார். "போங்க, போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். மறுபடி இருபத்தாறு படி ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "வெள்ள, காது மட்டும் கறுப்பு" என்றார். அப்போதுதான் அவள் கொஞ்சம் சிரித்தாள்.

திரும்பும் வழியில் எட்டு இடத்தில் வண்டி நின்றது. எதற்கும் அவர் காரணம் சொல்லவில்லை. நடுவே ஓட்டுநரிடம், "தும்பிக்கை இடது பக்கம்ப்பா, உச்சியிலேருந்து பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை மேலதிகாரி புதிய வாசகத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது? சுற்றுலாப் பலகையா, வைத்தியர் சீட்டா?"

தாளில் இப்படி இருந்தது: 'மேலே பழைய ஊர். படிகள் 214. எண்பத்து நாலாவது படியில் உட்கார பெஞ்சு உண்டு. உச்சியில் நின்றால் கடலும் சிவப்புப் பாறைகளும் யானையும் தெரியும். யாரையாவது கூட்டி வர நினைத்திருந்தால், அவர் முழங்கால் நன்றாக இருக்கும்போதே கூட்டி வந்துவிடுங்கள்.'

"கடைசி வரிய எடுத்துடுய்யா."

"மத்த எதை வேணும்னாலும் எடுங்க சார். அது மட்டும் இருக்கட்டும்" என்றார் ஊர்சுற்றி. இருபத்தொன்பது ஆண்டில் அவர் அந்த அறையில் மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை.

மேலதிகாரி கடைசித் தாளைப் புரட்டினார். 'நேரில் சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. "ரெண்டாவது யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது சார்."

ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்குப் போடுவதுபோலவே, தேதியும் நேரமும் போட்டு, அழுத்தமாக அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். மேலே அவள் கையாலேயே எழுதியிருந்தது: '84 வரை.'